பாடக் குறிப்புகளைப் புதுப்பித்து வைத்திருக்க கிட்ஹப்: ஒரு சிவில் துறை ஆசிரியரின் மதிப்புரை

பாலிடெக்னிக் கல்லூரிகளில் பாடத்திட்டம் மாறும்போது ஆசிரியர்கள் அனைவரும் தங்கள் குறிப்புகளைத் திருத்துகிறார்கள். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ‘எம்’ (M) என்ற பாடத்திட்டத்திலிருந்து ‘என்’ (N) என்ற பாடத்திட்டத்துக்கும், அதன்பின் 2023ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைக்கும் மாறியபோது அது முறையாக நடந்தது. சுற்றறிக்கை வந்தது, காலக்கெடு இருந்தது, துறைத் தலைவர் கேட்டார். ஆனால் இரண்டு பாடத்திட்டங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் வெளியுலகில் நிகழும் மாற்றங்களுக்கு இப்படி யாரும் நினைவூட்டுவதில்லை. கான்கிரீட் கலவை வடிவமைப்புக்கான (சிமெண்ட், நீர், மணல், ஜல்லி ஆகியவற்றின் அளவைக் கணக்கிடும் முறைக்கான) ஐ.எஸ். 10262 என்ற இந்தியத் தரம் 1982இல் வந்து, 2009இல் ஒரு முறையும் 2019இல் மறுமுறையும் திருத்தப்பட்டது. ஜல்லிக்கும் மணலுக்கும் உரிய ஐ.எஸ். 383, 1970ஆம் ஆண்டுப் பதிப்பில் இயற்கையாகக் கிடைக்கும் பொருட்களைப் பற்றி மட்டுமே பேசியது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் எம்-சாண்டுக்கு முறையான இடம் கிடைத்தது. கட்டட வரைபடப் பாடத்துக்கு அடிப்படையான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்து, அதன்பின் பலமுறை திருத்தம் பெற்றுள்ளன. இவற்றில் எந்த மாற்றம் எந்தக் கல்லூரியின் எந்தக் குறிப்பேட்டில் ஏறியது என்பது அந்தந்த ஆசிரியரின் ஆர்வத்தைப் பொறுத்ததாகவே இருந்து வருகிறது.

இந்தக் குறையைக் கூட்டாகத் தீர்க்க முடியுமா என்ற கேள்வியோடுதான் கிட்ஹப் என்னும் இணையச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கினோம். 2008இல் தொடங்கப்பட்டு, 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்த இந்தச் சேவை மென்பொருள் எழுதுவோருக்காக உருவானது என்பதால், சிவில் துறை ஆசிரியர்கள் பலர் இதன் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. கான்கிரீட் தொழில்நுட்பம், மதிப்பீடும் விலைக் கணக்கும், ஆய்வகக் கையேடு ஆகிய மூன்றையும் வெவ்வேறு கல்லூரிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் சேர்ந்து இதில் பராமரித்த அனுபவத்தை வைத்தே இதை எழுதுகிறேன். நிரல் எழுதத் தெரியாதவர்களின் கோணத்திலிருந்துதான் இந்தச் சேவையை மதிப்பிட்டிருக்கிறேன்.

முதலில் இதன் மிகப் பெரிய பலத்தைச் சொல்லிவிடுகிறேன். பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர்களுக்கு அளவுப் புத்தகத்தின் (முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் பதிவேட்டின்) ஒழுங்கு நன்கு தெரியும். எழுதிய எண்ணை அழிக்கக் கூடாது. தவறென்றால் ஒரு கோடு போட்டு அடித்து, சரியான எண்ணை எழுதி, அருகில் சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். பாடக் குறிப்புக்கு அதே ஒழுங்கை கிட்ஹப் தானாகவே கொண்டுவந்து விடுகிறது. ஒரு கோப்பில் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் கமிட் என்ற பெயரில், திருத்தியவர் யார், எப்போது, எதற்காக என்ற குறிப்போடு சேமிக்கப்படுகிறது. பழைய வரி சிவப்புப் பின்னணியிலும் புதிய வரி பச்சைப் பின்னணியிலும் அருகருகே தெரிகின்றன.

கலவை வடிவமைப்பையே எடுத்துக்கொள்வோம். 2009ஆம் ஆண்டு முறையில் கான்கிரீட்டின் மொத்தக் கன அளவை 1 கன மீட்டர் என்று கொண்டு, அதிலிருந்து சிமெண்ட், நீர் ஆகியவற்றின் கன அளவைக் கழித்து ஜல்லிக்கும் மணலுக்கும் உரிய பங்கைக் கண்டோம். 2019ஆம் ஆண்டு முறையில், 20 மில்லிமீட்டர் ஜல்லியானால், கான்கிரீட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் காற்றுக்காக 1 சதவீதத்தை முதலிலேயே கழித்துவிட வேண்டும். பார்வைக்கு இது ஒரே ஒரு வரி மாற்றம். 1 என்பது 0.99 ஆகிறது. ஆனால் ஒப்படர்த்தி 2.7 உள்ள ஜல்லியானால் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 27 கிலோ குறைகிறது. அதன்பின் வரும் ஒவ்வொரு விடையும் மாறுகிறது. கலவை எட்ட வேண்டிய இலக்கு வலிமையைக் காணும் இடத்திலும் இப்படித்தான். திட்ட விலக்கத்தை (சோதனை முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவை) 1.65ஆல் பெருக்கிக் கூட்டும் பழைய சூத்திரத்தோடு, கான்கிரீட் கிரேடுக்கு ஏற்ற ஒரு நிலையான எண்ணைக் கூட்டும் இரண்டாவது சூத்திரமும் வந்துள்ளது; இரண்டில் எது பெரியதோ அதை எடுக்க வேண்டும். எம்25 கிரேடுக்கு, சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டன் கணக்கில், முதல் சூத்திரம் 31.6 என்றும் இரண்டாவது 30.5 என்றும் தருவதால், அந்தக் கணக்கில் விடை மாறுவதில்லை. விடை மாறாத காரணத்தாலேயே பல குறிப்புகளில் இரண்டாவது சூத்திரம் சேர்க்கப்படாமல் நின்றுவிடுகிறது. களத்தில் தரக் கட்டுப்பாடு நன்றாக இருந்து திட்ட விலக்கம் குறையும்போது இரண்டாவது சூத்திரமே முடிவைத் தீர்மானிக்கும் என்பது மாணவருக்குத் தெரியாமலே போகிறது. சிவப்பும் பச்சையுமாகத் திரையில் தெரியும்போது இத்தகைய விடுபடல்களை உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் ஒரே பார்வையில் பிடித்துவிடுகிறார்.

இந்த இடத்தில் கூகுள் டாக்ஸோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நியாயம், ஏனெனில் பெரும்பாலான துறைகளில் இப்போது புழக்கத்தில் இருப்பது அதுதான். அதிலும் பதிப்பு வரலாறு உண்டு, பரிந்துரை முறையில் திருத்தலாம், கைபேசியில் எளிதாகத் திறக்கிறது. ஒரே ஒரு ஆவணத்தை நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் நான் இன்றும் அதையே பரிந்துரைப்பேன். ஆனால் வெளியுலக மாற்றம் ஒன்று பல ஆவணங்களைத் தொடும்போது அது கைகொடுப்பதில்லை. சிமெண்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. எங்கள் பாடப்பொருளில் அந்த ஒரு மாற்றம் செங்கல் கட்டுமானத்தின் விலைக் கணக்கையும், கான்கிரீட்டின் விலைக் கணக்கையும், ஒரு சிறு வீட்டின் முழு மதிப்பீட்டையும், பயிற்சி வினாக்களையும், விடைக் குறிப்பையும் தொட்டது. கிட்ஹப்பில் இதற்கென ஒரு பிராஞ்ச் (முதன்மைப் பிரதியைத் தொடாமல் திருத்திப் பார்க்கும் தனிக் கிளை) திறந்து, தொட வேண்டிய கோப்புகளையெல்லாம் திருத்தி, ஒரே புல் ரிக்வெஸ்ட்டாக, அதாவது முதன்மைப் பிரதியில் சேர்க்கக் கோரும் ஒரே விண்ணப்பமாக, அனுப்ப முடிகிறது. அதைப் படிப்பவர் ஒரு காரணத்துக்காக எங்கெங்கே கை வைக்கப்பட்டது என்பதை ஒரே பக்கத்தில் பார்க்கிறார். விடைக் குறிப்பு விட்டுப்போயிருந்தால் அந்த வரியிலேயே கருத்து எழுதுகிறார். எல்லாம் சரியென்று ஆன பிறகே முதன்மைப் பிரதியில் சேர்க்கப்படுகிறது. பல ஆண்டுகள் கழித்து, அரசுப் பணிகளின் ஒப்பந்தச் சேவைக்கான வரி 2022 ஜூலை 18இல் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானபோது என்னென்ன மாற்றப்பட்டன என்று ஒரு புதிய ஆசிரியர் கேட்டால், அதற்கான விடையும் இப்படியே காரணத்தோடு கிடைக்கும். பாடப்பொருளைப் புதுப்பிப்பது என்றால் உலகில் நடந்த மாற்றத்தையும் குறிப்பில் நடந்த திருத்தத்தையும் இணைத்து வைப்பது என்றே நான் கருதுகிறேன். நான் பார்த்த கருவிகளில் அந்த இணைப்பை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது இது ஒன்றுதான்.

திருத்தம் செய்யும் உரிமை இல்லாதவர்களும் பங்களிக்கலாம் என்பது இன்னொரு நன்மை. இஷ்யூ என்ற பகுதியில் கணக்கு வைத்திருக்கும் எவரும் பிழையைச் சுட்டலாம். எந்த அலகு, எந்தப் பக்கம், தற்போது என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும், அதற்கு ஆதாரம் எது என்று நிரப்பும் படிவம் ஒன்றை நாமே அமைத்துக்கொள்ள முடிகிறது. ஆதாரம் என்ற அந்தக் கட்டத்தைக் கட்டாயமாக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தரத்தின் எண், ஆண்டு, பிரிவு எண் ஆகிய மூன்றும் இல்லாத திருத்தக் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினால், ஒவ்வொருவரும் தாம் படித்த காலத்துப் பாடத்தை மீண்டும் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் அது முடியும். வேலைக்குப் போன பழைய மாணவர்கள் இந்தப் பகுதிக்கு வருவது எனக்கு மிகவும் மகிழ்ச்சி தருகிறது. ரெடிமிக்ஸ் நிலையத்திலும் கட்டுமான இடத்திலும் நிற்பவர்களுக்குத் தெரியும் நடைமுறை மாற்றங்கள் வகுப்பறைக்கு வந்து சேர இதற்கு முன் சீரான வழி எதுவும் இருக்கவில்லை.

அரியர் வைத்திருக்கும் மாணவர்களுக்கும் இதில் ஒரு வசதி இருக்கிறது. புதிய ஒழுங்குமுறை வந்த பிறகும் பழைய திட்டத்தில் தேர்வு எழுதுவோர் சில ஆண்டுகள் இருப்பார்கள். பருவத் தொடக்கத்தில் அன்றைய நிலையை ரிலீஸ் என்று முத்திரையிட்டு வைத்துவிட்டால், முதன்மைப் பிரதி எவ்வளவு மாறினாலும் அந்தப் பருவத்தின் பிரதி அப்படியே கிடைக்கிறது. பருவத்தின் நடுவில் குறிப்பு மாறி மாணவர்கள் குழம்புவதும் இதனால் தவிர்க்கப்படுகிறது. திட்டத்துக்கொரு பிராஞ்ச் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கருதுவதுண்டு. அது வேண்டாம்; இரண்டு பிராஞ்சுகளும் காலப்போக்கில் விலகிச் சென்று, பொதுவான பிழையை இரண்டு இடங்களில் திருத்த வேண்டி வரும். பொதுப் பாடங்களை ஒரே கோப்புறையிலும், திட்டத்துக்கு உரிய பாட வரிசையைத் தனிக் கோப்பிலும் வைப்பது போதுமானது.

இனி குறைகளுக்கு வருகிறேன். அவை சிறியவை அல்ல.

மேற்சொன்ன நன்மைகள் எல்லாம் எளிய உரைக் கோப்புகளுக்கே பொருந்தும். வேர்டு ஆவணத்தை அப்படியே ஏற்றினால், அது மாறியிருக்கிறது என்று மட்டுமே கிட்ஹப் சொல்லும். எந்த வரி மாறியது என்று காட்டாது. ஆகவே இருக்கும் குறிப்புகளை மார்க்டவுன் என்ற எளிய வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். பாண்டாக் என்ற இலவசக் கருவி இதைப் பெருமளவு செய்து தருகிறது என்றாலும், இணைக்கப்பட்ட கட்டங்களைக் கொண்ட அட்டவணைகளும் சமன்பாடுகளும் கையால் சரிபார்க்கப்பட வேண்டியவை. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ்க் குறிப்புகளை முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் திரையில் பொருளற்ற எழுத்துகளே தெரியும். யூனிகோடில் எழுதிய தமிழுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. தேடலும் ஒப்பீடும் நன்றாகவே நடக்கின்றன. 2022 மே மாதத்திலிருந்து மார்க்டவுன் கோப்புகளில் கணிதச் சமன்பாடுகளையும் லேடெக் என்ற கணிதக் குறியீட்டில் எழுத முடிவதால், கட்டமைப்புப் பாடங்களுக்கு முன்பிருந்த பெரிய தடை நீங்கியிருக்கிறது.

ஒப்பீடு வரி வரியாக நடப்பதால், நீண்ட பத்தி ஒன்றை ஒரே வரியாகத் தட்டச்சு செய்திருந்தால் ஒரு சொல்லை மாற்றினாலும் பத்தி முழுவதும் சிவப்பாகவும் பச்சையாகவும் தெரியும். மாறிய சொல்லை அழுத்தமான நிறத்தில் காட்டுகிறது என்றாலும் படிப்பதற்குச் சிரமமே. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதிப் பழகினால் இது தீர்ந்துவிடுகிறது. பக்கமாகக் காட்டும்போது கிட்ஹப் அந்த வரிகளைச் சேர்த்துப் பத்தியாகவே காட்டுகிறது.

வரைபடங்கள்தாம் சிவில் துறைக்கு உண்மையான இடர். ஆட்டோகேட் கோப்புகளைச் சேமித்து வைக்கலாம், ஆனால் திறந்து பார்க்கவோ ஒப்பிடவோ முடியாது. அதே வரைபடத்தைப் படக் கோப்பாகவும் சேர்த்து ஏற்றினால், பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்தோ, ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்தியோ பார்க்கும் வசதி இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி விதி மாறியதால் திருத்தப்பட்ட தளவரைபடத்தைச் சரிபார்க்க அது நன்றாகவே உதவுகிறது. எனினும் ஒவ்வொரு முறையும் இரண்டு கோப்புகளையும் புதுப்பிக்க நினைவு வைத்திருக்க வேண்டும். உலாவியின் வழியே ஏற்றும் கோப்பு 25 மெகாபைட்டுக்கு மிகக் கூடாது என்பதும், கிட்ஹப்புக்கு அடிப்படையான கிட் என்ற கருவி வழியாக அனுப்பினாலும் 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏற்கப்படாது என்பதும் ஆய்வகக் காணொளிகளை வெளியே நிறுத்திவிடுகின்றன. அவற்றை வேறிடத்தில் வைத்து இணைப்பு மட்டும் கொடுப்பதே வழி. மாறாக, விலைவிகிதப் பட்டியல் போன்றவற்றை சி.எஸ்.வி. கோப்பாக (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) வைத்தால் தேடக்கூடிய அட்டவணையாகக் காட்டுகிறது; ஆண்டுக்கு ஆண்டு எந்தப் பொருளின் விலை மாறியது என்பதும் வரிக்கு வரி தெரிகிறது. மதிப்பீட்டுப் பாடம் நடத்துவோர் இதை அவசியம் பார்க்க வேண்டும்.

இணையதளத்தின் இடைமுகம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. பொத்தான்களின் பெயர்கள் மென்பொருள் துறையின் வழக்கில் இருப்பதால், மூத்த ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் தயக்கம் ஏற்படுவது இயல்பு. நடைமுறையில் ஒரு பாட ஆசிரியருக்குத் தேவைப்படுவது கோப்பைத் திறந்து பென்சில் அடையாளத்தை அழுத்தித் திருத்துவதும், காரணத்தை எழுதி அனுப்புவதும் மட்டுமே; கணினியில் எந்த மென்பொருளையும் நிறுவ வேண்டியதில்லை. ஒரே இடத்தை இருவர் திருத்தி முரண்படும்போது அதைத் தீர்க்கத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் போதும். கைபேசிச் செயலி படிப்பதற்கும் ஒப்புதல் தருவதற்கும் நன்றாக இருக்கிறது. சமன்பாடுகள் நிறைந்த பக்கத்தை அதில் எழுத முயல வேண்டாம்.

ஒரு கணக்கை ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது இந்தச் சேவையின் விதி. துறைக்கு ஒரு மின்னஞ்சல், அதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு கடவுச்சொல் என்ற நம் கல்லூரி வழக்கம் இங்கே செல்லாது. பங்களிப்பவர்களுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சிலருக்கு இது தொல்லையாகத் தோன்றினாலும் நான் இதை வரவேற்கிறேன். திருத்தியவர் யார் என்பது உண்மையாக இருந்தால்தான் திருத்தத்தின் வரலாற்றுக்கு மதிப்பு உண்டு. பதவி உயர்வுக்கான கோப்பில் ஓர் ஆசிரியர் தம் பங்களிப்பைக் காட்டவும் அது உதவும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, 2020 ஏப்ரல் முதல் இலவசத் திட்டத்திலேயே தனிப்பட்ட களங்களை (கோப்புகளையும் அவற்றின் வரலாற்றையும் சேர்த்து வைக்கும் ரெப்பாசிட்டரி என்ற இடங்களை) எத்தனை பேர் வேண்டுமானாலும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒருவர் பார்த்து ஒப்புதல் தராமல் முதன்மைப் பிரதியில் எதுவும் சேரக் கூடாது என்று பூட்டும் வசதி, இலவசத் திட்டத்தில் பொதுக் களங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. பாடக் குறிப்பைப் பொதுவில் வைத்து, வினா வங்கியையும் விடைக் குறிப்பையும் தனிக் களத்தில் வைப்பது இதனால் இரண்டு வகையிலும் பொருத்தமாகிறது. பொதுக் களத்திலிருந்து கிட்ஹப் பேஜஸ் வழியாகக் கட்டணமின்றி ஓர் இணையதளமும் அமைத்துக்கொள்ளலாம் என்பதால், மாணவர்கள் கைபேசியில் எப்போதும் புதிய பதிப்பையே படிக்கிறார்கள்.

பொதுவில் வைக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. அவற்றின் அட்டவணைகளை முழுமையாக எடுத்து ஒட்டாமல், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, கணக்குக்குத் தேவையான மதிப்பை மட்டும் பயன்படுத்த வேண்டும். அடுத்து, ஒரு கோப்பை நீக்கினாலும் அதன் பழைய வடிவம் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும். மாணவர்களின் மதிப்பெண், கைபேசி எண், வருகைப் பதிவு ஆகியவற்றில் எதுவும் ஒருமுறைகூட அங்கே போய்விடக் கூடாது. வரலாற்றிலிருந்து முழுமையாக நீக்க வழி இருந்தாலும் அது கடினமான வேலை. அதற்குள் யாரேனும் பிரதி எடுத்திருந்தால் பயனும் இல்லை.

சிவில் துறைக்கும் மின்னியல், இயந்திரவியல் துறைகளுக்கும் இந்தச் சேவையை நான் முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு பாடத்துக்கும் வரும் திருத்தங்களைப் படித்து முடிவு சொல்ல ஒருவர் பெயரளவில் இல்லாமல் பொறுப்போடு இருக்க வேண்டும், அவருக்கு அந்த வேலைக்கான நேரத்தைத் துறைத் தலைவர் கால அட்டவணையில் ஒதுக்க வேண்டும். பார்க்கப்படாமல் கிடக்கும் புல் ரிக்வெஸ்ட், அனுப்பியவரின் ஆர்வத்தை மிக விரைவில் கொன்றுவிடுகிறது. அப்படி ஓர் ஆள் இல்லாத துறை, கூகுள் டாக்ஸிலேயே தொடர்வது நல்லது.

ஒரு தனியார் நிறுவனத்தை நம்பி இவ்வளவையும் ஒப்படைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அடிப்படையில் இயங்கும் கிட் என்ற கருவி 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். களத்தைக் கணினியில் பிரதி எடுத்தால், கோப்புகளோடு அவற்றின் முழு வரலாறும் சேர்ந்தே வருகிறது. அதை கிட்லேப், கோட்பெர்க் போன்ற வேறு சேவைக்கோ, கல்லூரியின் சொந்த சர்வருக்கோ எடுத்துச் செல்லலாம். இஷ்யூ பகுதியில் நடந்த உரையாடல்களும் புல் ரிக்வெஸ்ட் கருத்துகளும் மட்டும் அந்தப் பிரதியில் வருவதில்லை. ஆகையால் ஒரு திருத்தத்துக்கான ஆதாரத்தை, அதாவது தரத்தின் எண்ணையும் ஆண்டையும் பிரிவையும், உரையாடலில் விட்டுவிடாமல் கமிட் குறிப்பிலேயே எழுதிவிடும்படி எங்கள் குழுவில் விதி வைத்திருக்கிறோம். புதிதாகத் தொடங்குவோர் முதல் நாளிலிருந்தே அதைக் கடைப்பிடிக்கலாம்.